வாப்பாவின் நடை

டண்டீ, ஸ்கொட்லாந்து
14 ஜனவரி 2024

அன்புள்ள நானா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் பரீனா மதினியும் மகள் றிஷ்னாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று துஆச் செய்துகொண்டே எழுதுகிறேன். நான் சுகம். குளிர்தான் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எழும்ப மறுக்கிறது.

நவம்பருக்குப் பிறகு உங்கள் குரலை நான் கேட்கவில்லை. போன் அடித்து அடித்து ஓய்கிறது. பிறகு மதினியின் போனிலிருந்து ஒரு செய்தி வருகிறது: நானா ஜெட்டிக்குப் போயிருக்கிறார், நானா தூங்குகிறார். போன கிழமை, "கதைக்க நேரமில்லை, கடிதம் எழுது, ஆறுதலாக வாசிக்கலாம்" என்று வந்தது. கற்பிட்டியில் உள்ள அத்தனை வள்ளங்களின் எஞ்சின்களும் ஒரே நேரத்தில் பழுதாகிவிட்டனவா? சரி, எழுதுகிறேன். எனக்கும் இது பிடித்திருக்கிறது. இந்த வீட்டில் தமிழ் எழுதுவதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. எழுதியதைச் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். மூன்று நாட்களுக்குப் பிறகு வீட்டுக்குள் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. எங்கள் மருந்தை மூன்றாவது ஆளுக்கும் கொடுத்தாயிற்று. எலி இல்லை, குரங்கு இல்லை. மனிதர். நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள், அந்த மருந்து உள்ளே போய் என்னதான் செய்யும் என்று. வாப்பாவின் சிறுமூளையில் ஒரு மரபணு பிழையாக எழுதப்பட்டிருந்தது. மூன்று எழுத்து மட்டும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், திரும்பத் திரும்ப. அதைப் பார்த்து உடம்பு வார்த்த புரதமும் பிழை. அந்தப் புரதம் சேரச் சேர, நடை போனது, நாக்குப் போனது, கடைசியில் விழுங்குவதும் போனது. நாங்கள் ஒரு வைரஸின் கெடுதியை எல்லாம் எடுத்துவிட்டு, வெறும் ஓட்டுக்குள் மருந்தை வைத்து மூளைக்கு அனுப்புகிறோம். அது போய் அந்தப் பிழையான பக்கத்தை மூடி வைக்கும். அவ்வளவுதான். இந்த 'அவ்வளவு'க்கு எனக்குப் பத்தொன்பது வருஷம் பிடித்தது.

வாப்பா மௌத்தாகி இந்த வருஷம் இருபத்தைந்து ஆகிறது. ஜும்ஆவில் தள்ளாடி விழுந்தவரைக் குடிகாரன் என்று சொல்லி, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் ஹயாத்து முகம்மது வெளியே கூட்டிவந்து விட்டாரே, அன்று நீங்கள்தான் வாப்பாவின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தீர்கள். வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் வீட்டில்தான் தொழுதார். மூன்றாவது ஆள் மருந்து ஏற்றிக்கொண்டு படுத்திருந்தபோது எனக்கு அந்தச் செருப்புதான் ஞாபகம் வந்தது.

உங்கள் கையால் பதில் எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.
தங்கச்சி ஹிதாயா


கற்பிட்டி
9 பெப்ரவரி 2024

அன்புத் தங்கச்சி ஹிதாயாவுக்கு,

வஅலைக்குமுஸ் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கையெழுத்து மதினியுடையது, பயப்படாதே. எஞ்சின் சூட்டில் வலது கை பட்டுத் தோல் உரிந்துவிட்டது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். நடுவில் தன்னுடைய சொல்லையும் சேர்க்கிறாள் என்று சந்தேகம்.

போன் களப்புத் தண்ணீரில் விழுந்துவிட்டது. புதிது வாங்கவில்லை. இருக்கிற அமைதி நல்லதாகத்தான் இருக்கிறது.

உன் மருந்தைப் பற்றி மதினி இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். சந்தோஷம். அல்லாஹ் உன் கைக்குப் பரக்கத்தைத் தரட்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ எழுதுகிற கட்டுரைகளில் எங்கள் ஊர்ப் பெயரையும் வாப்பாவின் பெயரையும் போடாதே. இப்போது எல்லாவற்றையும் எல்லோரும் போனில் தேடிப் பார்க்கிறார்கள்.

காரணம் இருக்கிறது. றிஷ்னாவுக்குப் புத்தளத்தில் ஒரு இடம் வந்திருக்கிறது. உப்பு வியாபாரம் செய்கிற குடும்பம். மாப்பிள்ளையின் உம்மா ஜுனைதா என்பவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். றிஷ்னா முன்பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதை வாசலில் நின்று கேட்டுவிட்டு, "இந்தப் புள்ள சிரிச்சிட்டே படிப்பிக்கிறா" என்று சொன்னாராம். அவளுக்கும் விருப்பம். கலியாணப் பேச்சு நடக்கிற வீட்டில் நோய்க் கதை வேண்டாம்.

குளிருக்கு ஒழுங்காக உடுத்து. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் நானா
றிஸ்கான்


டண்டீ
2 மார்ச் 2024

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கைப் புண் ஆறிவிட்டதா? எந்த மருந்து போடுகிறீர்கள்? நாற்பது வருஷம் எஞ்சினோடு வாழ்ந்த உங்கள் கையை எஞ்சின் சுட்டது என்பது எனக்கு நம்ப முடியாத கதையாக இருக்கிறது. கோபிக்க வேண்டாம். சும்மா சொன்னேன்.

றிஷ்னாவின் செய்தி வாசித்து என் அறைக்கு வெளியே போய் யாருக்காவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. பக்கத்து மேசைப் பெண்ணிடம் சொன்னேன். "நல்லது" என்று சொல்லிவிட்டுத் தன் திரையைப் பார்த்தாள். அவள் மேல் பிழை இல்லை. என் வீட்டு ஆட்கள் யாரென்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஊர்ப் பெயரை எங்கும் நான் போடவில்லை. 'கடலோரத்து ஒரு குடும்பம்' என்றுதான் எழுதியிருக்கிறேன். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நான்காவது ஆளுக்கும் மருந்து கொடுத்தோம். பஸ் ஓட்டிய ஒரு பெண். என் வயதுதான். கையைப் பிடித்துக்கொண்டு, "டொக்டர், எனக்கு ஓட வேண்டாம். நேராக நின்று தேத்தண்ணி ஊற்றினால் போதும்" என்றாள். நான் வைத்தியம் பார்க்கிற டொக்டர் இல்லை, ஆராய்ச்சி டொக்டர்தான் என்று அவளுக்கு விளக்கினேன். அவள் கையை விடவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன், உங்களுக்கும் அந்தப் பிழை இருக்கிறதா என்று இரத்தம் சோதிக்கக் கேட்டேன். "அல்லாஹ் எழுதினதை எனக்கு முன்கூட்டி வாசிக்க வேணாம்" என்று சொன்னீர்கள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. இப்போதும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் என்னிடம் மறைக்க மாட்டீர்கள்தானே?

நோன்பு நெருங்குகிறது. இங்கே நான் தனியாகத்தான் திறப்பேன். உங்கள் பள்ளிக் கஞ்சியின் மணத்தைக் கொஞ்சம் காற்றில் விடுங்கள்.

ஹிதாயா


கற்பிட்டி
14 ஏப்ரல் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. நீ என்ன சமைத்தாய்? யாரோடு சாப்பிட்டாய்? உன் கடிதத்தில் அது இல்லை.

நான் நல்ல சுகம். கை ஆறிவிட்டது. முழங்கால் மட்டும் கொஞ்சம் நோவு. அதனால் தராவீஹ் முழுவதும் வீட்டிலேயே கதிரையில் இருந்து தொழுதேன். வயதாகிறதுதானே. ஐம்பத்திரண்டு.

புத்தளத்து ஆட்கள் பெருநாளுக்கு வட்டிலப்பம் அனுப்பினார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் முடிய வந்து நாள் குறிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். றிஷ்னா இப்போதே தன் முன்பள்ளிப் பிள்ளைகளிடம் பிரியாவிடை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எஞ்சின் கொட்டிலைப் பரீனாவின் தம்பி பார்த்துக்கொள்கிறான். எனக்குக் கொஞ்சம் ஓய்வு. காலையில் வாசலில் இருந்து கடலைப் பார்க்கிறேன். ஆட்கள் வந்தால் கதைக்க விருப்பமில்லை. அவர்களும் வருவது குறைவு.

மதினிக்குக் கை வலிக்கிறதாம். நிறுத்துகிறேன்.

நானா


டண்டீ
6 மே 2024

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒரு கிழமையாகக் கடிதத்தை எழுதி எழுதி வைத்துவிட்டேன். மன்னியுங்கள். வேலை கொஞ்சம் மெதுவாகப் போகிறது. கூட்டங்கள் அதிகம். அதைப் பிறகு எழுதுகிறேன்.

பெருநாளன்று நான் ஆய்வுகூடத்தில் இருந்தேன். முட்டையும் பாணும்.

கை ஆறிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் கடிதத்தில் மதினியின் எழுத்துதான். நானா, எனக்காக ஒரு காரியம். ஒரு வெள்ளைத் தாளில் நீங்களே நான்கு வரி எழுதுங்கள். அதன் கீழ் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருளை, உள்ளிருந்து வெளியே, கையை எடுக்காமல் வரைந்து அனுப்புங்கள். முழங்கால் நோவு எந்தப் பக்கம் என்றும் எழுதுங்கள்.

கேள்வி கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பத்தொன்பது வருஷமாகக் கேள்வி கேட்டே பழகிவிட்டேன்.

ஹிதாயா


கற்பிட்டி
30 மே 2024

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். நான்கு வரி கேட்டாய். இதோ. நான் சுகம். றிஷ்னா சுகம். களப்பில் இறால் நன்றாக விழுகிறது. சுருள் கீழே இருக்கிறது. முழங்கால் நோவு இரண்டு பக்கமும்.

நானா


கற்பிட்டி
15 ஜூன் 2024

அன்பான ஹிதாயாவுக்கு, மதினி பரீனா எழுதுகிறேன்.

அஸ்ஸலாமு அலைக்கும். உனக்குச் சுகம் உண்டாகட்டும். நாளை மறுநாள் ஹஜ்ஜுப் பெருநாள். உன் நானாவுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். றிஷ்னா தபாலில் போடுவாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

அந்த நான்கு வரி என்னுடையது. சுருளும் என்னுடையதுதான். முதலில் அவர்தான் வரைந்தார். ஏழு தாள் கிழித்தார். பேனை தாளைத் தாண்டி மேசையில் போனது. கடைசியில் பேனையை என்னிடம் தந்து, "நீ கீறு புள்ள. அவ பார்த்தா ஒரே பார்வையில கண்டுபிடிச்சிருவா" என்று சொன்னார். நானும் கீறிக் கொடுத்தேன். அந்தப் பாவம் என் மேல்.

கை சுடவில்லை. போன் தனியாகக் களப்பில் விழவுமில்லை. போனோடு உன் நானாதான் விழுந்தார். நவம்பரில், ஜெட்டியில், ஒரு வள்ளத்தின் எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தபோது. நின்ற இடத்திலேயே சாய்ந்து போனார். இழுத்து எடுத்த ஆட்களில் ஒருவன், "வாப்பா மாதிரியே மகனும் தொடங்கிட்டாரு" என்று சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து கொட்டில் பக்கம் போகவில்லை. பள்ளிக்கும் போகவில்லை. போனைக் காயவைத்தோம், நன்றாகத்தான் வேலை செய்கிறது. உன் பெயர் வரும்போதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நாக்குத் தடிக்கிறது. 'ஹிதாயா' என்று சொல்ல அவருக்கு இப்போது நேரம் எடுக்கிறது. அதைக் கேட்டால் உனக்கு விளங்கிவிடும் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

நட் பூட்டும்போது கை தடுமாறி அது புரியில் ஏறாமல் போகத் தொடங்கி மூன்று வருஷம். எங்களுக்கும் மறைத்தார்.

றிஷ்னாவின் கலியாணம் முடியும்வரை யாருக்கும் தெரியக்கூடாது என்கிறார். வாப்பா, மகன், பேத்தி என்று ஆட்கள் விரல் மடிப்பார்களாம். உன்னைப் பற்றியும் நினைப்பார். "அவளுக்கும் வந்திருக்குமோ? அங்க விழுந்தா யாரு தூக்குவா?" என்று என்னிடம் கேட்பார்.

அந்த மருந்தை அவருக்குக் கொடுக்க முடியுமா? முடியும் என்று ஒரு வரி எழுது. எந்த நாட்டுக்கென்றாலும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

பரீனா


டண்டீ
3 ஜூலை 2024

அன்புள்ள மதினிக்கு,

வஅலைக்குமுஸ் ஸலாம். உங்கள் கடிதம் வந்து நான்கு நாள். இன்றுதான் எழுத முடிந்தது.

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது மதினி. அந்த மருந்து இப்போது யாருக்கும் இல்லை.

ஏப்ரலில் நான்காவது ஆளுக்கு, அந்த பஸ் ஓட்டிய பெண்ணுக்கு, மூளை வீங்கியது. உடம்பு எங்கள் வைரஸ் ஓட்டை எதிரி என்று நினைத்து எதிர்த்துவிட்டது. உயிர் பிழைத்தாள். ஆனால் வரும்போது கோலை ஊன்றி நடந்து வந்தவள், இப்போது நடக்கவில்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் போய்ப் பார்க்கிறேன். தேத்தண்ணியை நான் ஊற்றிக் கொடுக்கிறேன். அவளுடைய மகள் என்னை ஏசினால் நன்றாக இருக்கும். அவள் கதிரை எடுத்துப் போடுகிறாள்.

காசு போட்ட கொம்பனி மே மாதம் விலகிக்கொண்டது. எங்கள் ஆய்வுகூடம் டிசம்பரோடு மூடப்படும். பெட்டிகளை அடுக்கத் தொடங்கிவிட்டோம். நானாவுக்கு 'வேலை மெதுவாகப் போகிறது' என்று எழுதியது இதைத்தான். அவர் மறைத்தார், நானும் மறைத்தேன். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தானே.

இனிக் கேளுங்கள். குளியலறையிலும் வாசற்படியிலும் கைபிடிக் கம்பி பூட்டுங்கள். தண்ணீரும் தேத்தண்ணியும் குடிக்கும்போது இருமுகிறாரா என்று பாருங்கள். இருமினால் கஞ்சி பதத்தில் கொடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, நாடியை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டும், பிடித்துக்கொண்டாவது. புத்தளத்தில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிறவர் இருப்பார், கேட்டுப் பாருங்கள். கொழும்பில் ஒரு நரம்பு டொக்டருக்கு நான் எழுதியிருக்கிறேன். இந்த நோயை நிறுத்துகிற மருந்து உலகில் எங்கும் இல்லை. இருக்கிறது என்று யாராவது விற்க வந்தால் கதவைச் சாத்துங்கள்.

நானாவுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் அவருக்குப் பாரம் குறையும்.

இரண்டு நாளாக இந்தப் பெட்டிகளுக்கு நடுவில் இருந்து யோசிக்கிறேன். மருந்து செய்யப் படித்த தங்கச்சி இருந்தும் என்ன பிரயோசனம் என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான்.

ஹிதாயா


கற்பிட்டி
14 ஆகஸ்ட் 2024

தங்கச்சி,

அஸ்ஸலாமு அலைக்கும். முதல் மூன்று வரியும் என் கையால். வாசிக்க முடிகிறதா பார். கோடு கடல் மாதிரி போகிறது. மிச்சத்தைப் பரீனா எழுதுவாள்.

உன் கடிதத்தை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் பசித்தது, கதைத்தேன்.

பிரயோசனம் என்ன என்று கேட்டிருந்தாய். வாப்பாவுக்கு என்ன நோய் என்றே தெரியாமல்தான் அவரைக் கபுறில் வைத்தோம். எனக்கு என்ன என்று எனக்குத் தெரியும். அந்த வித்தியாசம் உன்னால் வந்தது. இனி அப்படி எழுதாதே.

றிஷ்னாவின் கதையைக் கேள். ஜூலைக் கடைசியில் புத்தளத்து ஆட்கள் நாள் குறிக்க வந்தார்கள். என்னை அறைக்குள் கட்டிலில் படுக்க வைத்து, காய்ச்சல் என்று சொல்ல ஏற்பாடு. தேத்தண்ணித் தட்டோடு வந்த றிஷ்னா அதை வைத்துவிட்டு, ஜுனைதா மாமிக்கு முன்னால் நின்றாள். எனக்கு உள்ளே கேட்டது.

"மாமி, வாப்பாக்கு காய்ச்சல் இல்ல. மூத்தாப்பாக்கு வந்த மூளை வருத்தம் அவருக்கும் வந்திரிக்கி. அது பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வரலாம். எனக்கும் இரிக்கலாம், இல்லாமலும் இரிக்கலாம். தெரிஞ்சிட்டு நாள் குறிங்க."

பிறகு அந்த அம்மா சொன்னார்: "மகள், நீ சொன்னதுக்கு அல்லாஹ் உனக்குக் கூலி தருவான். எனக்கு ஒரே மகன். நான் பயப்படுறன்."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள். ஏச்சுப் பேச்சு இல்லை. ஏசியிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். றிஷ்னா கோப்பைகளைக் கழுவினாள். அடுத்த நாள் முன்பள்ளிக்குப் போனாள். இப்போது வீட்டில் சிரிப்பது குறைவு.

என் பிள்ளை அப்படி நின்று சொன்ன பிறகு நான் கட்டிலில் படுத்திருப்பது எப்படி? போன ஜும்ஆவுக்கு மச்சினனின் முச்சக்கர வண்டியில் பள்ளிக்குப் போனேன். ஒன்பது மாதத்துக்குப் பிறகு. கதிரையில் இருந்து தொழுதேன். தொழுகை முடிய மௌலவியிடம் கேட்டு, மச்சினனின் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றேன். பேசியது இவ்வளவுதான்:

"என்ட நாக்கு தடிக்கிது, பொறுத்துக் கேளுங்க. நான் குடிக்கல்ல. எங்கட வாப்பாவும் குடிச்சவர் இல்ல. இது மூளையில வாற வருத்தம். ரத்தத்தால வாறது. வீட்டுக்குள்ள இப்படி ஆளை மறைச்சி வெச்சிரிக்கிற யாரும் இருந்தா என்னெட்ட வாங்க. என்ட தங்கச்சி இதைத்தான் படிக்கிறா."

இதைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. பின்வரிசையில் ஒருவர் சிரித்தது கேட்டது. பக்கத்தில் இருந்தவர் அவரை அதட்டியதும் கேட்டது.

வெளியே வந்து செருப்புப் போட முடியாமல் படியில் உட்கார்ந்திருந்தேன். பழைய நம்பிக்கையாளர் ஹயாத்து முகம்மது வந்தார். எண்பத்தாறு வயது. அவரே இன்னொருவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தார். "றிஸ்கான், என்ட மூத்த மகன் ரெண்டு வருஷமா சுவரைப் பிடிச்சித்தான் நடக்கிறான். நான் வெளிய விடல்ல. தங்கச்சிக்கு எழுது" என்றார்.

அவருடைய மனைவி வாப்பாவின் மாமி மகள் என்பது உனக்குத் தெரியும்தானே. ஒரே இரத்தம் என்பது எனக்கும் அந்தப் படியில்தான் உறைத்தது. வாப்பாவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கையை விடவும் இல்லை. நானும் இழுக்கவில்லை.

இந்தக் கிழமைக்குள் நான்கு வீட்டிலிருந்து பதினொரு பேர். ஒருவர் உச்சமுனைத் தீவில் இருந்து வள்ளத்தில் வந்தார், பெயர் றுக்கியா, இருபத்தொன்பது வயதுதான். பேய் பிடித்தது என்று வீட்டார் ஆறு வருஷமாக நூல் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். எல்லோருடைய பெயரும் வயதும், யாருக்கு எப்போது தொடங்கியது என்பதும் பரீனா தனித் தாளில் எழுதியிருக்கிறாள். ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் எழுதினோம். ஊர்ப் பெயரைப் போட விரும்பினால் இனிப் போடு.

நீ எப்படி நடக்கிறாய்? உண்மையைச் சொல்லு. இனி போன் எடுப்பேன். ஆறுதலாகக் கதைத்தால் விளங்கும்.

நானா


டண்டீ
5 செப்டெம்பர் 2024

அன்புள்ள நானா,

அஸ்ஸலாமு அலைக்கும். ஞாயிற்றுக்கிழமை போனில் உங்கள் குரலைக் கேட்டேன். நீங்கள் நினைத்தது சரி. முதல் சொல்லிலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் அரை மணித்தியாலம் கதைத்தோமே, அது போதும். நீங்கள் மறுபடியும் "எப்படி நடக்கிறாய்" என்று கேட்டீர்கள். நான் மழையைப் பற்றிப் பேசினேன். போனில் சொல்ல முடியாததை எழுதத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பரீனா மதினியின் தாளை, பெயர்களை எடுத்துவிட்டு, வேறொரு நாட்டில் இதே வேலை செய்யும் குழுவுக்குக் காட்டினேன். மருந்தைக் குறைத்து, உடம்பு எதிர்க்காத வேறொரு ஓட்டில் வைத்து, மறுபடி தொடங்க அவர்கள் முயல்கிறார்கள். ஒரே குடும்பத்து ஆட்களை வருஷா வருஷம் பார்த்து எழுதி வைத்தால்தான் மருந்து வேலை செய்ததா என்று அளக்க முடியும். அந்த வேலைக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஜனவரியில் வந்து ஆறு மாதம் கற்பிட்டியில் இருப்பேன். நானா, பொய் சொல்ல மாட்டேன். மருந்து வர ஐந்தாறு வருஷமாகும். உங்கள் நடையை அது திருப்பித் தராது. றுக்கியாவுக்கு ஒருவேளை. றிஷ்னாவுக்குத் தேவைப்பட்டால் அவளுக்கு. அவள் சோதிப்பதா இல்லையா என்பதை அவளே முடிவு செய்யட்டும். நாங்கள் யாரும் கேட்கக்கூடாது.

இனி மற்றது. 2007இல், இங்கே படிக்க வந்த இரண்டாம் வருஷம், நான் என் இரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்தேன். ஆறு கிழமை கழித்துக் கூப்பிட்டு, "உங்களுக்கு இல்லை" என்றார்கள். அவர்கள் சிரித்தார்கள். நான் வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்தேன். என் பஸ் மூன்று தரம் வந்து போனது.

எனக்கு இல்லை நானா. வரவும் வராது. நான் நேராகத்தான் நடக்கிறேன்.

ஒரு பிள்ளைக்கு இல்லாமல் போனதால் மற்றப் பிள்ளைக்கு வருவதில்லை. இதை மாணவர்களுக்கு வருஷாவருஷம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனாலும் வீட்டில் இரண்டு பேர், பாதிக்குப் பாதி என்றதும் என் மனம் வேறு கணக்குப் போட்டது. என் பங்கையும் உங்கள் தலையில் வைத்துவிட்டு ஸ்கொட்லாந்துக்கு ஓடி வந்தவள் போல இருந்தேன். அதனால்தான் சொல்லவில்லை. அதனால்தான் ஊருக்கும் அதிகம் வரவில்லை. கலியாணம் செய்யாததற்கும் அதுதான் காரணமோ என்று சில நாள் நினைப்பேன். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நின்று சொல்லலாம் என்றிருந்தேன். மருந்து இல்லை. வெறுங்கையோடு சொல்கிறேன்.

என்னை மன்னியுங்கள்.

ஹிதாயா


கற்பிட்டி
29 செப்டெம்பர் 2024

தங்கச்சி,

ஸலாம். இதை முழுக்க நானே எழுதுகிறேன். ஒரு நாளைக்கு இரண்டு வரி. அதனால் ஏச்சு நீளமாக இருக்காது.

உன் கடிதத்தை நானே வாசித்தேன். 'எனக்கு இல்லை' என்ற இடத்தில் நிறுத்திப் பரீனாவைக் கூப்பிட்டேன். அவளுக்கு என் பேச்சு விளங்கவில்லை. "என்ன, என்ன" என்றாள். மூன்றாம் தரம் கத்தினேன். பக்கத்து வீட்டு ஆட்கள் நான் விழுந்துவிட்டேன் என்று ஓடி வந்தார்கள். வந்த எல்லோருக்கும் பரீனா சொன்னாள், ஹிதாயாவுக்கு இல்லையாம் என்று. றிஷ்னா சிரித்தாள். நல்லாச் சிரித்தாள்.

நான் ஒவ்வொரு தொழுகையிலும் உன் காலுக்காகத் துஆக் கேட்டவன். அங்கே விழுந்து கிடப்பாயோ என்று பயந்தவன். அல்லாஹ் அதைக் கேட்டு, அது கபூலாகிப் பதினேழு வருஷம். எனக்குத்தான் தெரியாது.

என் நோய்க்கு நீ பொறுப்பில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்காதே. ஆனால் பதினேழு வருஷம் நான் சந்தோஷமாக இருந்திருக்கலாமே, புள்ள. அதை ஏன் ஒளித்தாய்?

வருகிற வெள்ளிக்கிழமை உன் பெயரில் பள்ளியில் சோறு கொடுக்கிறோம்.

நானா